தெரிந்ததைப் பிடித்துத் தெரியாததற்குப் போவது: மூளை யோசிக்கும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை தாராவியில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெற்றோரும் வந்து உட்காருவார்கள். "கடையில நல்லா கணக்குப் போடுறான், பரீட்சையில ஏன் டீச்சர் கோட்டை விடுறான்?" என்று தொடங்கும் பேச்சு, மூளை எப்படி யோசிக்கிறது என்பதில் போய் நிற்கும். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், படித்துத் தெரிந்துகொண்டு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு பிரச்சினையைத் தீர்க்கும்போது மூளை என்னதான் செய்கிறது?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூலை மாதம், விடாத மழை. என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இட்லி வியாபாரம். கோலி என்று இங்கே சொல்லும் ஒற்றை அறைதான் வீடு. அதன் மூலையில் தரையோடு தரையாக ஒரு பெரிய கிரைண்டர். சாக்கடை நிறைந்து தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. கிரைண்டரைத் தூக்கி வைக்க மேலே இடமில்லை, வெளியே கொண்டுபோகவும் வழியில்லை. மகனும் மருமகளும் பதறி நிற்க, ஆச்சி முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். அப்புறம் வாசலில் கிடந்த செங்கற்களைக் காட்டி, "ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடில, காலுக்கு ரெண்டு ரெண்டா வைப்போம்" என்றார். எட்டு செங்கல். பத்து நிமிடத்தில் மோட்டார் தண்ணீருக்கு மேலே நின்றது.

மறுநாள் கேட்டேன், எப்படி ஆச்சி தோணிச்சு என்று. "ஊர்ல குலுக்கைக்கு அடியில கல்லு வைப்போம்லா, எலியும் ஈரமும் ஏறக்கூடாதுன்னு. இதுவும் அதே கதைதான் டீச்சர்."

குலுக்கை என்பது திருநெல்வேலிப் பக்கம் நெல் கொட்டி வைக்கும் மண் குதிர். அதற்கும் மின்சாரக் கிரைண்டருக்கும் பார்வைக்கு ஒரு ஒற்றுமையும் இல்லை. ஆனால் விலை மதிப்புள்ள ஒரு பாரமான பொருள், அதற்குக் கீழே ஈரம், நடுவில் இடைவெளி வேண்டும் என்ற அந்த அமைப்பு ஒன்றுதான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வயல்காட்டு நினைவு ஒன்று மும்பை மழையில் வந்து உதவியது. நம் மூளை தினமும் செய்கிற வேலை பெரும்பாலும் இதுதான். வெறும் இடத்திலிருந்து விடையை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, இன்றைய தேவைக்கு ஏற்ப வளைத்துக்கொள்கிறது.

கருத்துகள் இணைந்திருக்கின்றன என்கிறீர்கள். தலைக்குள் உண்மையில் எது எதோடு இணைந்திருக்கிறது?

நரம்பணுக்கள். நியூரான் என்று பாடப்புத்தகத்தில் வரும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி இருப்பதாக 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற நரம்பணுக்களோடு தொடர்பில் இருக்கிறது. அந்தத் தொடர்பு நடக்கும் நுண்ணிய இடைவெளிக்கு சினாப்ஸ் என்று பெயர்.

கனடாவைச் சேர்ந்த டொனால்டு ஹெப் 1949-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரு நரம்பணு இன்னொன்றைத் திரும்பத் திரும்பத் தூண்டினால், அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தொடர்பு பலப்படும். ஒற்றையடிப் பாதை போலத்தான், நடக்க நடக்கத் தடம் விழும். 1973-இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயல்களின் மூளையில் இப்படித் தொடர்பு பலப்பட்டு நெடுநேரம் நிலைப்பதை அளந்தே காட்டினார்கள்.

இட்லி என்ற எண்ணத்துக்கென்று மூளையில் தனியாக ஒரு அறை கிடையாது. வெள்ளை நிறம் ஓரிடத்தில், ஆவியின் மணம் ஓரிடத்தில், துணியை உரித்தெடுக்கும்போது விரலில் சுடுவது வேறிடத்தில், அந்தச் சொல்லின் ஒலி இன்னோரிடத்தில். இவையெல்லாம் சேர்ந்து விழிப்பதைத்தான் நாம் இட்லியை நினைப்பது என்கிறோம். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதம் வரை அதுவே எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகளைப் பட்டினியோடு பரீட்சைக்கு அனுப்பாதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

ஒன்றை நினைத்தால் இன்னொன்று தானாக வருகிறதே, அது எப்படி?

லோக்கல் ரயில் வரைபடத்தை மனதில் வையுங்கள். ஒரு நிலையத்தில் விளக்கு எரிந்தால் பக்கத்து நிலையங்களிலும் மங்கலாக வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிகாக்ஷன் என்றதும் டபராவும், பாலும், காலைப் பேப்பரும் பாதி விழித்துக்கொள்கின்றன. நாம் கேட்காமலே.

1971-இல் டேவிட் மேயர், ரோஜர் ஷ்வேனவெல்ட் இருவரும் இதை நேரம் அளந்து பார்த்தார்கள். திரையில் வருவது உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் கோர்வையா என்று சொல்ல வேண்டும். ‘டாக்டர்’ என்பதோடு சேர்ந்து வரும்போது ‘நர்ஸ்’ என்ற சொல்லை ஆட்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். ‘ரொட்டி’யோடு வந்தால் அவ்வளவு வேகம் இல்லை. 1975-இல் ஆலன் காலின்ஸ், எலிசபெத் லாஃப்டஸ் இருவரும் இதைத் தூண்டல் பரவுவதாக விளக்கினார்கள். ஒரு கருத்தில் தொடங்கும் விழிப்பு, இணைப்புகள் வழியாக வழிந்து, தூரம் போகப் போகத் தேய்கிறது.

பெயர் தொண்டைக்குள்ளேயே நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது என்போமே, அதுவும் இதே கதைதான். 1966-இல் செய்த ஒரு ஆய்வில், சொல்லே வராதவர்கள்கூட அதன் முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் பல நேரம் சரியாகச் சொன்னார்கள். பக்கத்து நிலையம் வரை வெளிச்சம் வந்துவிட்டது, அந்த நிலையம்தான் இருட்டு. அப்போது முட்டி மோதுவதைவிட அந்த ஆளை எங்கே பார்த்தோம், யார் கல்யாணம், யார் கூட வந்தார் என்று சுற்றி வருவது பலன் தரும். வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து சேரும்.

வழி அடைபட்டால் சிலர் உடனே மாற்று கண்டுபிடிக்கிறார்கள், சிலர் திகைத்து நிற்கிறார்கள். புத்திசாலித்தனமா?

மழைக்காலத்தில் சயான், குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் லைன் நின்றுவிடும். மும்பையில் யாருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அப்படி ஒரு நாள் என் மாணவனின் அப்பா சயான் நிலையத்துக்குப் போனார். தினமும் அவர் வழி இதுதான்: சயானில் ஏறி தாதர், அங்கே பாலம் ஏறி வெஸ்டர்ன் லைனுக்கு மாறி சர்ச்கேட். அன்று ரயில் இல்லை என்றதும் அவர் திரும்பி நடந்தார். தாராவியைக் குறுக்கே கடந்து மாஹிம் போனார். அது வெஸ்டர்ன் லைன், ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன அவர் தம்பி அதே வேலைக்குத்தான் போகிறவர். அவர் சயான் பிளாட்பாரத்திலேயே இரண்டு மணி நேரம் நின்றார்.

தம்பிக்கு மூளை குறைவா? இல்லவே இல்லை. அவரிடம் இருந்தது ஒரு வழி. அண்ணனிடம் இருந்தது ஒரு வரைபடம். தாராவியின் ஒரு பக்கம் சென்ட்ரல், இன்னொரு பக்கம் வெஸ்டர்ன் என்பது அவர் கால்களுக்கே தெரியும்.

அமெரிக்காவில் எட்வர்டு டோல்மன் 1940-களில் எலிகளை வைத்து இதைத்தான் பார்த்தார். சுற்றுப் பாதையில் போய் உணவை எடுக்கப் பழகிய எலிகளுக்கு அந்தப் பாதையை அடைத்து, புதிதாகப் பல பாதைகளைத் திறந்து வைத்தார்கள். நிறைய எலிகள் உணவு இருந்த திசைக்கு நேராகப் போகும் பாதையைத் தேர்ந்தன. வலம், இடம் என்ற திருப்பங்களை மட்டும் அவை மனப்பாடம் செய்திருக்கவில்லை, தலைக்குள் இடத்தின் வரைபடம் ஒன்று இருக்கிறது என்று 1948-இல் டோல்மன் எழுதினார். அந்த வரைபடத்துக்கு ஆதாரம் 1971-இல் கிடைத்தது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களை ஜான் ஓ'கீஃப் கண்டார். ஹிப்போகாம்பஸ் என்றால் கிரேக்கத்தில் கடற்குதிரை, பார்க்கவும் அப்படித்தான் வளைந்திருக்கும். பின்னாளில் மே-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் இருவரும் கட்டம் கட்டமாக இடத்தைக் குறிக்கும் அணுக்களைக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு.

ஒரு சூத்திரத்தை மட்டும் நெட்டுருப் போட்ட பிள்ளை, பிளாட்பாரத்தில் நின்ற அந்தத் தம்பி மாதிரி. கேள்வியில் ஒரு சொல் மாறினால் ரயில் நின்றுவிடும். அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவன் இறங்கி நடந்து மறுபக்கம் போய்விடுவான்.

என் மகன் கடையில் கணக்கில் புலி, பள்ளிக்கூடத்தில் பூஜ்யம். மந்தமான பிள்ளையா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. பதிலை அழுத்தமாகச் சொல்கிறேன்: மந்தம் இல்லை. அவன் தலைக்குள் இரண்டு ஊர் இருக்கிறது, நடுவில் பாலம் இல்லை.

1985-இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீர், பழம் விற்கும் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாங்குபவர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஒன்று 35 விலையுள்ள பத்துத் தேங்காய்க்கு எவ்வளவு என்று கேட்டபோது ஒரு பையன், மூன்று என்றால் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350-ஐத் தொட்டான். 35-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போடு என்று பள்ளி சொன்னது அவனுக்கு நினைவுக்கே வரவில்லை.

அது எங்கேயோ பிரேசில் என்று நினைக்க வேண்டாம். நம் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. விலையும் சில்லறையும் கலந்த சிக்கலான கணக்கைச் சந்தையில் சரியாகச் சொன்ன பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மாறு: தாளில் போடத் தெரிந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் பாலம் இல்லை. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் இதைத்தான் என் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் இத்தனை வருடம் பார்த்து வந்தேன்.

ஒரு பையன். அப்பாவின் கடையில் மாலை நேரம் நிற்பவன். 35-ஐ 8-ஆல் பெருக்கச் சொன்னேன். தாளில் எட்டைந்து நாற்பது என்று 40 எழுதி, அதற்கு முன்னால் எட்டு மூணு இருபத்துநாலு என்று 24 எழுதினான். விடை 2440. முகத்தில் சந்தேகமே இல்லை. நான் தாளை மூடிவிட்டுக் கேட்டேன்: "முப்பத்தஞ்சு ரூபா சாமான், எட்டு குடுடா." அவன் கண்ணை லேசாக மேலே தூக்கி, "ரெண்டு எழுபது, நாலு நூத்தி நாப்பது, எட்டு இருநூத்தி எண்பது" என்றான். மூச்சு விடும் நேரம்தான்.

அப்புறம் தாளைத் திறந்து வைத்தேன். "எட்டு சாமானுக்கு ரெண்டாயிரத்து நானூத்தி நாப்பது ரூபா கேட்டா வாங்குறவங்க என்ன சொல்வாங்க?" சிரித்துவிட்டான். "அடிப்பாங்க டீச்சர்." சரி, எங்கே தப்பு நடந்தது, நீயே பார் என்று விட்டுவிட்டேன். நெடுநேரம் பார்த்தான். எட்டு முப்பது இருநூற்று நாற்பது, எட்டைந்து நாற்பது, சேர்த்தால் இருநூற்று எண்பது என்று விரலால் பாயில் எழுதினான். அந்த 24 என்பது இருபத்துநாலு பத்து என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. "அப்ப இது பத்து ரூபா நோட்டு, இது சில்லறையா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் பாலம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனுக்குப் பெருக்கலில் இடம் தவறியதில்லை.

அம்மா அப்பாக்களே, கடைக் கணக்கு வேறு, பள்ளிக் கணக்கு வேறு என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லே பாலத்தை உடைக்கிறது.

முன்பே பார்த்த மாதிரியான பிரச்சினைதான், ஆனாலும் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லையே?

வராது. இது எல்லோருக்கும் நடப்பது. 1980-இல் மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் செய்த ஆய்வு இந்தத் துறையில் பெயர் பெற்றது. கேள்வி இது: வயிற்றுக்குள் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை செய்ய முடியாது. ஒரு கதிரைப் பாய்ச்சி அழிக்கலாம், ஆனால் அழிக்கும் அளவு பலமாகப் பாய்ச்சினால் வழியிலுள்ள நல்ல திசுவும் போய்விடும். என்ன செய்வீர்கள்?

பத்தில் ஒருவருக்குத்தான் விடை தோன்றியது. இன்னொரு குழுவுக்கு முதலில் ஒரு கதை கொடுத்தார்கள். ஒரு கோட்டை, அதற்குப் பல பாதைகள், எல்லாப் பாதையிலும் கண்ணிவெடி. பெரும்படை போனால் வெடிக்கும். தளபதி படையைச் சிறு சிறு பிரிவாகப் பிரித்து எல்லாப் பாதையிலும் ஒரே நேரத்தில் அனுப்பிக் கோட்டையைப் பிடிக்கிறான். இதைப் படித்த கையோடு கட்டிக் கேள்வியைக் கொடுத்தால்கூடப் பத்தில் மூன்று பேர்தான் தாமாக விடை கண்டார்கள். அந்தக் கதை உதவும் என்று ஒரு வார்த்தை சொன்னதும் நான்கில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்: பலவீனமான கதிர்களைப் பல திசையிலிருந்து பாய்ச்சி, கட்டியில் மட்டும் சந்திக்க வைக்க வேண்டும்.

கதை தலைக்குள்தான் இருந்தது. ஆனால் அது கோட்டை, படை என்ற பெயரில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. கேள்வி ஆஸ்பத்திரி உடையில் வந்ததால் கதவு திறக்கவில்லை. ஆச்சியின் செங்கல் எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று இப்போது புரியும். ஈரம் ஏறக்கூடாது என்ற காரணத்தோடு சேர்த்து அவர் குலுக்கையை நினைவில் வைத்திருந்தார்.

இதே இருவர் 1983-இல் இன்னொன்றும் காட்டினார்கள். இரண்டு வெவ்வேறு கதைகளைக் கொடுத்து, இவற்றில் எது பொது என்று ஒப்பிடச் சொன்னால், புதிய பிரச்சினைக்கு அதைப் பயன்படுத்துவது கூடுகிறது. அதனால் என் வகுப்பில் ஒரு கணக்கு முடிந்ததும் அடுத்த கணக்குக்குப் போவதில்லை. "இது எதை மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். சில நாள் கால் மணி நேரம் அதிலேயே போகும். போகட்டும்.

நிறையப் பழக்கம் இருந்தால் எல்லாம் எளிதாகிவிடும்தானே?

பெரும்பாலும் ஆம். சில நேரம் பழக்கமே கண்ணைக் கட்டும். கார்ல் டுங்கரின் மெழுகுவர்த்திப் புதிரில் (1945) ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய குத்தூசி. மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து அதையே சுவரில் குத்தி, மேலே மெழுகுவர்த்தியை நிறுத்த வேண்டும். பலருக்கு அது தோன்றுவதில்லை, ஏனென்றால் பெட்டி என்றால் ஊசி வைக்கத்தான். ஊசிகளை வெளியே கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால், அதிகம் பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் மணி கோக்கும் வேலை எடுத்துச் செய்யும் ஒரு அக்கா, கைப்பிடி உடைந்த பழைய இட்லித் தட்டில் மணிகளை நிறம் பிரித்து வைத்திருக்கிறார். குழிக்கு ஒரு நிறம். விரல் நுனியால் உருட்டி எடுக்க அதைவிடத் தோதான பாத்திரம் கடையில் கிடைக்காது. இட்லி என்ற பெயரை அந்தத் தட்டிலிருந்து அவர் கழற்றிவிட்டார், அவ்வளவுதான்.

குளிக்கும்போதும் ரயிலில் நின்றுகொண்டு போகும்போதும் திடீரென்று பொறி தட்டுவது ஏன்?

முட்டி மோதும்போது ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போகிறோம். விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் அந்தத் தவறான தடம் மங்குகிறது, தூரத்து இணைப்புகளுக்கு வாய்ப்பு கிடைக்கிறது. 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், விடை பொறியாகத் தட்டும் நொடியில் வலது காதுக்குச் சற்று மேலே உள்ள மூளைப் பகுதியில் வேகமான அலைகள் எழுவதைப் பதிவு செய்தார்கள். அதே வருடம் ஜெர்மனியில் உல்ரிக் வாக்னர் குழு, மறைந்திருக்கும் விதி ஒன்றைக் கொண்ட எண் பயிற்சியைக் கொடுத்தது. பயிற்சிக்குப் பின் தூங்கி எழுந்தவர்களில் அந்த விதியைக் கண்டுபிடித்தவர்கள், விழித்திருந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் முதலில் முட்டி மோதியிருக்க வேண்டும். படிக்காமல் தூங்கினால் பொறி தட்டாது.

மூளை தப்பாகவும் முடிச்சுப் போடுமா?

நிறையவே. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று மூளை எழுதிக்கொள்கிறது. இந்தப் பேனாவில் எழுதினால் பாஸ், அந்தப் பக்கம் போனால் ஆகாது, இப்படி. இணைக்கும் அதே திறமைதான் இங்கேயும் வேலை செய்கிறது, அதனால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தப் பேனா இல்லாமல் எழுதி எத்தனை தடவை பாஸ் ஆனாய் என்று கேளுங்கள். நடந்ததை மட்டும் எண்ணாமல் நடக்காததையும் எண்ணப் பழகினால் இந்த முடிச்சு அவிழும்.

எல்லாம் ஃபோனில் இருக்கிறதே, எதற்கு நினைவில் வைக்க வேண்டும்?

ஃபோனில் இருப்பதும் தலையில் இருப்பதும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஆச்சி அன்று கிரைண்டர், தண்ணீர் என்று தேடியிருந்தால் குலுக்கை வந்திருக்காது.

ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியது மிகக் கொஞ்சம். ஏழு, கூடக் குறைய இரண்டு என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நான்குதான் தேறும் என்று நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். ஆனால் அந்த நான்கும் எவ்வளவு பெரிய மூட்டை என்பது நம் கையில் இருக்கிறது. சதுரங்கத்தில் தேர்ந்தவர்கள் ஒரு ஆட்டத்தின் பலகையைச் சில நொடி பார்த்தே காய்களைத் திரும்ப அடுக்கிவிடுவார்கள். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அந்த மேன்மை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் காட்டியது இது. அவர்கள் காய்களைப் பார்ப்பதில்லை, தெரிந்த அமைப்புகளைப் பார்க்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் ஆபீசுக்குக் கொண்டு சேர்க்கும் நம் ஊர் டப்பாவாலாவும் அப்படித்தான். மூடியில் சில எழுத்து, சில எண், ஒரு நிறம். நமக்கு அது கிறுக்கல். அவருக்கு இறங்கும் நிலையம், கட்டிடம், மாடி எல்லாம் ஒரே பார்வையில்.

வாய்ப்பாட்டை நான் இன்னும் மனப்பாடம் செய்யச் சொல்வது இதனால்தான். எட்டேழு எவ்வளவு என்பதிலேயே கை நிறைந்துவிட்டால், கேள்வியைப் பிடிக்க மனதில் இடம் இருக்காது.

மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே? இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்கிறார்களே?

இரண்டும் உண்மை இல்லை. முழு மூளையும் வேலை செய்கிறது, இரண்டு பக்கமும் சேர்ந்தே செய்கின்றன. இதைச் சொல்லிப் பணம் வாங்கும் பயிற்சிகளுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். பிள்ளை குழம்பிவிடாதா?

பல மொழி தெரிந்தவருக்கு ஒரு மொழி பேசும்போது மற்றவையும் உள்ளே விழித்தேதான் இருக்கின்றன. அதனால் சொல் கலந்து வரும், அது குழப்பம் இல்லை. பாடம் எந்த மொழியில் இருந்தாலும், புரிந்ததைத் தமிழில் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். தமிழில் இருக்கும் வீட்டு அனுபவம் முழுவதும் அந்தப் பாடத்தோடு கோத்துக்கொள்ளும். இன்னொரு சின்ன லாபமும் உண்டு. மராத்தியில் ‘ள’ இருக்கிறது. இந்தி மட்டும் பேசி வளர்ந்த பிள்ளைகள் அதில் தடுமாறும்போது நம் பிள்ளைகள் முதல் நாளே சுத்தமாகச் சொல்வார்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? எங்களுக்குப் பாடம் தெரியாது.

பாடம் தெரிய வேண்டாம். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, இன்று படித்ததைச் சொல் என்று கேளுங்கள். திரும்பப் படிப்பதைவிடத் திரும்ப நினைவிலிருந்து எடுப்பது நெடுநாள் நிற்கிறது என்று ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் 2006-இல் காட்டினார்கள். நடுவில் ஏன் என்று கேளுங்கள். நம் வீட்டில் இது மாதிரி எது இருக்கிறது என்று கேளுங்கள். குக்கர், கிரைண்டர், தண்ணீர் டிரம், சீட்டுப் பணம், எல்லாமே அறிவியலும் கணக்கும்தான். பதில் சரியா என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை தேடிப் பார்த்தாலே இணைப்பு விழும்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. இனிமேல் புதிதாக ஏதாவது ஏறுமா?

ஏறும். லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். அந்த ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை எலினார் மக்வயர் 2000-இல் காட்டினார். முன்பே பெரிதாக இருந்தவர்கள்தான் ஓட்டுநர் ஆனார்களோ என்ற சந்தேகத்துக்கு 2011-இல் பதில் வந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், தேர்ச்சி பெற்றவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. எல்லோரும் வளர்ந்த ஆட்கள்.

என் வகுப்புக்கு மகளைக் கூட்டி வரும் ஒரு அம்மா, பரேலுக்கு வேலைக்குப் போகிறவர். தமிழ் வாசிப்பார், மராத்தி எழுத்து தெரியாது. நிலையத்தின் பெயர் தெரிந்த ஊர்தானே, பலகையை அதோடு பொருத்திப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் வாரம் தாதர் பலகையில் ஒரே எழுத்து இரண்டு தடவை வருவதைக் கண்டுபிடித்தார்: அது ‘த’. அப்படியானால் கடைசியில் இருப்பது ‘ர’. அடுத்த நிலையம் பரேல். அங்கே மராத்திப் பலகையில் நடுவில் அதே ‘ர’ நின்றது, முன்னால் இருப்பது ‘ப’ என்று பிடித்துக்கொண்டார். கடைசி எழுத்து மட்டும் பிடிபடவில்லை. அதை மகளின் நோட்டில் வரைந்துகொண்டு வந்து என்னிடம் காட்டினார். மராத்தியில் அந்த ஊர் ‘பரள்’, அது ‘ள’ என்றேன்.

"அட, நம்ம ள-வா?" என்றவர், நோட்டை வாங்கி அதற்குப் பக்கத்தில் தமிழில் பெரிதாக ஒரு ‘ள’ எழுதி வைத்துக்கொண்டார்.